கடைக் கணக்கை யாரிடம் கொடுப்பது? குமரி மாவட்டச் சிறு வியாபாரிகளுக்கு ஓர் ஒப்பீடு

"ஜிஎஸ்டி எடுத்தாச்சு, இனி கணக்குக்கு யாரைப் பிடிக்கிறது?" நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கடை தொடங்குகிற எல்லோருக்கும் இந்தக் கேள்வி வருகிறது. பெரும்பாலும் கிடைக்கிற பதில், பக்கத்துக் கடைக்காரர் யாரிடம் கொடுக்கிறாரோ அவரிடமே கொடுத்துவிடு என்பதுதான். பக்கத்துக் கடை ஃபேன்சி ஸ்டோராக இருக்கும், உங்களுடையது திருவனந்தபுரத்துக்குச் சரக்கு அனுப்புகிற தேன் வியாபாரமாக இருக்கும். இரண்டு பேருக்கும் வரிச் சட்டத்தில் வேறு வேறு வாசல். ஒரே ஆள் இரண்டு பேருக்கும் சரிப்பட்டு வரலாம், வராமலும் போகலாம்.

கணக்கு என்று நாம் மொத்தமாகச் சொல்வதற்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. ஒன்று, தினமும் பில்லையும் சிட்டையையும் பார்த்து எழுதி வைப்பது. இரண்டு, தேதி தவறாமல் ரிட்டர்ன் போடுவது. மூன்று, இந்த வியாபாரத்துக்கு எந்த வரி முறை சரி, லாபத்தை எப்படிக் காட்டுவது, வந்திருக்கிற நோட்டீசுக்கு என்ன பதில் என்று யோசித்துச் சொல்வது. மூன்றையும் ஒரே ஆளிடம், அதுவும் ஒரே சிறு கட்டணத்தில் எதிர்பார்ப்பதில்தான் பெரும்பாலான சிக்கல் தொடங்குகிறது. இந்த மூன்றில் உங்களிடம் இல்லாதது எது என்று முதலில் கண்டுபிடியுங்கள், அதற்குத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

## எதை வைத்து அளப்பது

விற்றுமுதல் எந்தக் கோட்டில் நிற்கிறது. பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை, சேவை என்றால் 20 லட்சம். இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர் மேல்மாடியை ஓர் ஆபீசுக்கு வாடகைக்கு விட்டால் அந்த வாடகை சேவைக் கணக்கில் வரும், அப்புறம் "நான் பொருள் மட்டும் விற்கிறேன்" என்று 40 லட்சத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. அடுத்த கோடு 1.5 கோடி, அதுவரை காம்போசிஷன் முறையில் (விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் எளிய முறை) போகலாம், வியாபாரிக்கும் உற்பத்தியாளருக்கும் 1 சதவீதம், சாப்பாட்டுக் கடைக்கு 5 சதவீதம். வருமான வரியில் கோடுகள் வேறு. பழைய சட்டத்தின் எண்ணால் 44ஏடி என்று எல்லோரும் சொல்லும் அனுமான லாப முறை, அதாவது விற்றுமுதலில் குறிப்பிட்ட சதவீதத்தை லாபமாகக் காட்டுவது, 2 கோடி விற்றுமுதல் வரை (ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 3 கோடி வரை) உண்டு. அந்த முறையில் போகாதவர் 1 கோடியைத் தாண்டினால் தணிக்கை கட்டாயம், ரொக்க வரவும் செலவும் 5 சதவீதத்துக்குள் இருந்தால் மட்டும் அந்த வரம்பு 10 கோடியாகும்.

சரக்கு களியக்காவிளையைத் தாண்டுகிறதா. நம் மாவட்டத்துக்கென்றே இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாறசாலை நமக்கு அடுத்த ஊர் மாதிரிதான், ஆனால் ஜிஎஸ்டிக்கு அது வேறு மாநிலம். வரி விதிக்கப்படும் பொருளை எல்லை தாண்டி விற்றால், ஆண்டுக்கு 5 லட்சம்தான் வியாபாரம் என்றாலும் பதிவு கட்டாயம் (கைவினைப் பொருள் போன்ற சிலவற்றுக்குத் தனி விலக்கு இருக்கிறது). காம்போசிஷனில் இருப்பவர் வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்கவே கூடாது. இ-வே பில்லும் (சரக்கு வண்டியோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு) அப்படித்தான், தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால்தான் வேண்டும், கேரளாவுக்குப் போகும் சரக்கென்றால் 50,000 ரூபாயைத் தாண்டினாலே வேண்டும். நீங்கள் பேசப்போகிற கணக்கர் "சரக்கு எங்கே போகுது?" என்று தானாகக் கேட்கிறாரா என்று பாருங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை பில். மாதம் 30 பில் போடும் ஒப்பந்தக்காரருக்கும், நாளுக்கு 200 பில் போடும் வடசேரி மளிகைக் கடைக்கும் தேவைப்படும் ஆள் ஒரே ஆள் கிடையாது.

வங்கிக்குப் போகப் போகிறீர்களா. அடுத்த இரண்டு மூன்று ஆண்டில் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் இன்றைக்குக் காட்டுகிற லாபம்தான் அன்றைக்கு உங்கள் தகுதி. இதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் ஆதங்கம் தருகிற விஷயம் இது.

நோட்டீஸ் வந்தால் யார் பார்ப்பது, பாஸ்வேர்டு யார் கையில். கட்டணம் பேசும்போது யாரும் இதைக் கேட்பதில்லை.

## வழி 1: வீட்டிலேயே பார்த்துக்கொள்வது

நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவராவது பி.காம் படித்திருப்பார். மனைவியோ தம்பியோ மகளோ டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) கற்றிருந்தால் இது உண்மையிலேயே நல்ல வழி. விற்றுமுதல் குறைவு, வெளிமாநில விற்பனை இல்லை, காம்போசிஷனில் இருக்கிறீர்கள் என்றால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 18ஆம் தேதிக்குள் சிஎம்பி-08 போட்டு வரி கட்ட வேண்டும், ஆண்டுக்கு ஒரு முறை ஜிஎஸ்டிஆர்-4 போட வேண்டும், அவ்வளவுதான். இதற்கு மாதாமாதம் ஒருவருக்குக் கட்டணம் கொடுக்கத் தேவையில்லை. வியாபார், ஜோஹோ புக்ஸ், டேலி என்று எந்த மென்பொருளானாலும் சரி, எழுதுகிற பழக்கம்தான் முக்கியம்.

இதில் மறைந்திருக்கும் செலவு நேரம். கடை பூட்டியபின் இரவு உட்கார்ந்து எழுதலாம் என்று தொடங்குவீர்கள், ஓணம், கிறிஸ்துமஸ் வியாபாரம் வந்ததும் அது நின்றுவிடும், அப்புறம் மூன்று மாதச் சிட்டையை ஒன்றாக வைத்து யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று நினைவிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும். இன்னொரு செலவு, சட்டம் மாறுவது தெரியாமல் போவது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் பெரிய அளவில் மாறின, 12 சதவீதத்தில் இருந்த பல பொருட்கள் 5 சதவீதத்துக்கு வந்தன. பாக்கெட் போட்டு விற்கும் சிப்ஸ், மிக்சர் வகைகள் இதில் உண்டு. பழைய விகிதத்திலேயே பில் போட்டுக்கொண்டிருந்தால், கூடுதலாக வாங்கிய வரியை அரசுக்குக் கட்டித்தான் ஆக வேண்டும், வாடிக்கையாளரும் விலை அதிகம் என்று போய்விடுவார்.

ஆகவே வீட்டிலேயே எழுதினாலும், ஆண்டுக்கு ஒருமுறையாவது கட்டணம் கொடுத்து ஒரு சிஏவிடம் (பட்டயக் கணக்காளர்) கணக்கைக் காட்டி, "எங்கேயாவது தப்பாகப் போகிறேனா?" என்று கேட்டுக்கொள்வது நல்லது.

## வழி 2: கடையில் சம்பளத்துக்கு ஒரு கணக்கர்

பில் நிறைய உள்ள கடைக்கு இதைத் தவிர வழியில்லை. ஜவுளி, மருந்து மொத்த வியாபாரம், கட்டுமானப் பொருள், முந்திரி என்றால் வெளியே இருக்கிற யாரும் தினமும் உங்கள் கல்லாவையும் ஸ்டாக்கையும் சரிபார்க்க முடியாது.

முந்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்து அண்டி ஆபீசுகளில் (முந்திரி ஆலைகளில்) கணக்கு எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை வேறு ரகம். விவசாயியிடம் நேரடியாகத் தோடு உடைக்காத கொட்டை வாங்கினால் வரி கட்ட வேண்டியவர் வாங்குபவர்தான். விவசாயி பில் தரமாட்டார் என்பதால் நம் பக்கமே நாமே பில் எழுதி, வரியைப் பணமாகக் கட்டி, அப்புறம் அதை உள்ளீட்டு வரி வரவாக (வாங்கும்போது கட்டிய வரியை விற்பனை வரியில் கழித்துக்கொள்வது) எடுக்க வேண்டும். தொழிலாளர் எண்ணிக்கை 10ஐத் தொட்டால் இஎஸ்ஐ, 20ஐத் தொட்டால் பிஎஃப், இரண்டும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். கழித்த தோடும் உடைந்த பருப்பும் தனித்தனியாக ஸ்டாக்கில் நிற்க வேண்டும். இதையெல்லாம் மாதம் ஒருமுறை பில் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கிற ஏற்பாட்டில் செய்ய முடியாது.

கன்னியாகுமரி லாட்ஜுகளிலும் அதேதான். நாளுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு இப்போது வரி 5 சதவீதம், ஆனால் உள்ளீட்டு வரி வரவு கிடையாது. ஆன்லைன் புக்கிங் தளம் கமிஷன் பிடித்து, டிசிஎஸ் (தளமே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடித்து மிச்சத்தை அனுப்பும். வங்கிக்கு வந்த தொகையை மட்டும் விற்பனை என்று எழுதினால் கணக்கு தப்பு, முழு வாடகையையும் எழுதி கமிஷனைச் செலவில் காட்ட வேண்டும். சபரிமலை சீசனில் அறை நிரம்பி வழியும்போது இதை அன்றன்றைக்கு எழுத ஆள் வேண்டும்.

சம்பளம் தவிர மறைந்த செலவுகள் என்ன? நல்ல கணக்கர் பழகினதும் திருவனந்தபுரத்துக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுவார், அவர் போனதும் டேலியில் அவர் வைத்திருந்த முறை வேறு யாருக்கும் புரியாது. அதனால் வாரம் ஒருமுறை டேட்டா பேக்கப் உங்கள் பென்டிரைவுக்கு வர வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பணம் வாங்குபவரும் கணக்கு எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. எவ்வளவு நம்பிக்கையான ஆளாக இருந்தாலும் இதை மாற்ற வேண்டாம், அது அவருக்கும் பாதுகாப்பு. இன்னொன்று, முழுநாள் ஆள் கட்டுப்படியாகவில்லை என்றால் இரண்டு மூன்று கடைகள் சேர்ந்து ஆளுக்கு வாரத்தில் இரண்டு நாள் என்று ஒரு பகுதிநேரக் கணக்கரை வைத்துக்கொள்வது நம் ஊரில் நன்றாக நடக்கும் ஏற்பாடு.

எழுதுவதில் இவர் கெட்டிக்காரராக இருப்பார். யோசித்துச் சொல்வதை இவரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

## வழி 3: வரி ஆலோசகர், ஜிஎஸ்டி பிராக்டிஷனர்

பஜாரில் பெரும்பாலோர் இவரிடம்தான் கொடுக்கிறோம், "ஆடிட்டர்" என்றும் அழைக்கிறோம். பலர் திறமையானவர்கள், விற்பனை வரிக் காலத்திலிருந்து பழகியவர்கள், கடைக்கே வந்து பில் வாங்கிப் போவார்கள், கட்டணமும் குறைவு. அதிகாரி முன் உங்கள் சார்பில் ஆஜராகவும் முடியும். ஆனால் வருமான வரித் தணிக்கை அறிக்கையில் கையெழுத்திட முடியாது, அதற்கு சிஏ மட்டும்தான். ஜிஎஸ்டி பிராக்டிஷனர் என்று பதிவு செய்தவரா என்பதை ஜிஎஸ்டி தளத்திலேயே தேடிப் பார்க்கலாம், பத்து நிமிஷ வேலை, பார்த்துவிடுங்கள்.

ரிட்டர்ன் போடுகிற இரண்டாவது வேலைக்கு இவர் போதும். விற்றுமுதல் 5 கோடிக்குள் இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அப்போது விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1க்கு 13ஆம் தேதி, வரிக் கணக்கைக் காட்டும் 3பிக்குத் தமிழ்நாட்டில் 22ஆம் தேதி, இடைப்பட்ட இரண்டு மாதமும் 25ஆம் தேதிக்குள் வரி மட்டும் கட்ட வேண்டும். மாதாமாதம் போடுபவருக்கு 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும்.

தாமதத்துக்கு ஒரு ரிட்டர்னுக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய், வரி எதுவும் இல்லாத ரிட்டர்னுக்கு 20 ரூபாய், 1.5 கோடிக்குள் விற்றுமுதல் உள்ளவருக்கு ஒரு ரிட்டர்னுக்கு அதிகபட்சம் 2,000. தாமதித்த வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. இது கண்ணுக்குத் தெரிகிற நஷ்டம், சமாளித்துவிடலாம். தெரியாத நஷ்டம் இதைவிடப் பெரியது. உங்கள் ஜிஎஸ்டிஆர்-1 நேரத்துக்குப் போகவில்லை என்றால் உங்களிடம் வாங்கிய கடைக்காரரின் 2பியில் (அவருக்கு வர வேண்டிய வரி வரவுகளின் பட்டியல்) அந்த பில் வராது, 1 லட்சம் ரூபாய் சரக்கை 18 சதவீத வரியோடு கொடுத்திருந்தால் அவருக்கு 18,000 ரூபாய் வரவு கிடைக்காமல் நிற்கும். ஒருமுறை பொறுப்பார். இரண்டாம் முறை கோட்டாறில் வேறு மொத்தக் கடைக்குப் போய்விடுவார், ஏன் போனார் என்று உங்களிடம் சொல்லவும் மாட்டார்.

ஒரே ஆலோசகரிடம் நூற்றுக்கணக்கான கடைகள் இருக்கும்போது எல்லாக் கடைக்கும் ஒரே அச்சில் ரிட்டர்ன் போடும் ஆபத்து இருக்கிறது. தோவாளை பூச்சந்தையில் கமிஷனுக்கு விற்றுக் கொடுப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். கமிஷன், தரகு வருமானத்துக்கு 44ஏடி அனுமான முறை செல்லாது, ஒழுங்காகக் கணக்குப் புத்தகம் வைத்து உண்மையான லாபத்தைக் காட்ட வேண்டும். பூக்கடைக்காரருக்குப் போட்ட அதே படிவத்தை இவருக்கும் போட்டால் பிற்பாடு கேள்வி வரும்போது பதில் இருக்காது.

சரி, மேலே ஆதங்கம் என்று சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். வருமானத்தை முடிந்த அளவு குறைத்துக் காட்டுவதுதான் நல்ல கணக்கருக்கு அடையாளம் என்று ஒரு பழைய நினைப்பு நம்மிடம் இருக்கிறது. 60 லட்சம் விற்றுமுதல் உள்ள ஒரு தனிநபர் கடை. இதில் 20 லட்சம் யுபிஐ, வங்கி வழியாக வந்தது, மிச்சம் ரொக்கம். அனுமான முறையில் குறைந்தபட்சம் காட்ட வேண்டியது வங்கி வழி வந்ததில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம், அதாவது 1.2 லட்சமும் 3.2 லட்சமும் சேர்ந்து 4.4 லட்சம். அந்தக் கடையில் உண்மையில் 9 லட்சம் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ள தனிநபருக்குத் தள்ளுபடி போக வரி பூஜ்யம். 4.4 காட்டினாலும் வரி இல்லை, 9 காட்டினாலும் வரி இல்லை! சட்டப்படியே, உண்மையான லாபம் குறைந்தபட்ச சதவீதத்தைவிட அதிகமாக இருந்தால் அதைத்தான் காட்ட வேண்டும். குறைத்துக் காட்டி மிச்சம் பிடித்தது ஒன்றுமில்லை, ஆனால் நாளைக்குக் கடையைப் பெரிதாக்கக் கடன் கேட்டு வங்கியில் உட்காரும்போது மேனேஜர் பார்ப்பது அந்த 4.4 லட்சத்தைத்தான். மூன்று வருஷ ரிட்டர்னில் எழுதியதைக் கடன் கேட்கிற நேரத்தில் நினைத்தபடி மாற்ற முடியாது. எத்தனை கடைக்காரர்கள் நல்ல வியாபாரத்தை வைத்துக்கொண்டு வங்கிக் கடன் கிடைக்காமல் வட்டிக்காரரிடம் போகிறார்கள்! (கூட்டு நிறுவனமாக இருந்தால் இந்தத் தள்ளுபடி கிடையாது, அங்கே வரி 30 சதவீதம். அது வேறு கணக்கு.)

உங்கள் ஆலோசகர் இதை உங்களிடம் உட்கார்ந்து பேசியிருக்கிறாரா? பேசியிருந்தால் அவரை விடாதீர்கள், அவர் போர்டில் என்ன பட்டம் இருந்தாலும்.

## வழி 4: சிஏ

தணிக்கை கட்டாயமான கடை, கம்பெனியாகவோ எல்எல்பியாகவோ பதிவு செய்தவர்கள், பெரிய கடன் வாங்கப் போகிறவர்கள், இவர்களுக்கு வேறு பேச்சே வேண்டாம். சிஏவா என்பதை ஐசிஏஐ (சிஏக்களைப் பதிவு செய்யும் அமைப்பு) தளத்தில் உறுப்பினர் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். அவர் கையெழுத்திட்டுத் தரும் சான்றிதழ், தணிக்கை அறிக்கை ஒவ்வொன்றிலும் யூடிஐஎன் என்று 18 இலக்க எண் இருக்க வேண்டும், அதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் சரிபார்க்கலாம், வங்கியும் சரிபார்க்கும். யாரோ ஒருவர் ஏதோ ஒரு சிஏவின் சீலை வைத்து பேலன்ஸ் ஷீட் தயாரித்துக் கொடுத்தால் இங்கேயே மாட்டிக்கொள்ளும், கடன் போவதோடு நிற்காது.

சிறு கடைக்காரர் சிஏவிடம் போகத் தயங்குவது கட்டணத்துக்குப் பயந்து. நியாயமான தயக்கம்தான், அவருடைய கட்டணத்துக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரலாம். ஆனால் இன்னொரு குறை கட்டணத்தைவிட முக்கியம். பெரிய ஆபீசில் சிறு கடையின் ஃபைல் பயிற்சி மாணவர் கையில்தான் இருக்கும். செப்டம்பரில் தணிக்கை நெருக்கடியில் உங்கள் போனை எடுக்க ஆள் இருக்காது. அதனால் "என் ஃபைலைப் பார்ப்பது யார், அவர் பெயர் என்ன, வருஷத்தில் எத்தனை முறை நீங்களே என்னோடு உட்காருவீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள். நாகர்கோவிலில் பெரிய ஆபீசைவிட, தக்கலையிலோ குழித்துறையிலோ தனியாகத் தொழில் செய்யும் இளம் சிஏ ஒரு சிறு கடைக்கு அதிகம் பயன்படுவார் என்பது என் எண்ணம். உங்கள் தொழிலைக் கற்றுக்கொள்ள அவருக்கு நேரம் இருக்கும்.

காசு எங்கே வசூலாகிறது என்றால் யோசித்துச் சொல்கிற மூன்றாவது வேலையில். காம்போசிஷனா சாதாரண முறையா என்ற ஒரு முடிவையே பாருங்கள். மற்ற கடைகளுக்கு விற்பவர் காம்போசிஷனில் இருந்தால் வாங்குபவருக்கு வரி வரவு கிடைக்காது, அதனால் அவர்கள் வாங்கமாட்டார்கள். நேரடியாக வீட்டு உபயோகத்துக்கு விற்கிற கடைக்கு அதே காம்போசிஷன் பெரிய நிம்மதி. 44ஏடியில் இருந்து நடுவில் விலகினால் அடுத்த ஐந்து ஆண்டு அதற்குள் திரும்ப முடியாது, தெரியாமல் ஒரு வருஷம் மாற்றிப் போட்டவர் வருஷக்கணக்கில் புத்தகம் எழுத வேண்டிவரும். இப்படி ஒரு முடிவு சரியாக அமைந்தாலே அந்த வருஷக் கட்டணம் திரும்பிவிடும்.

## ஆன்லைன் சந்தா சேவைகள்

விலை குறைவு, வாட்ஸ்அப்பில் பில்லை அனுப்பினால் போதும் என்பார்கள். சேவைத் தொழில் செய்பவர், வீட்டிலிருந்து வெப்சைட் வேலை, டிசைன் வேலை செய்பவர் என்றால் ஒத்துவரும், அவர்களுக்கு மாதம் சில பில்தான். சரக்கு, ஸ்டாக், விவசாயியிடம் கொள்முதல் என்று இருக்கிற கடைக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒவ்வொரு முறையும் வேறொரு ஆள் பேசுவார், நோட்டீஸ் வந்தால் "அது எங்கள் பேக்கேஜில் இல்லை" என்று சொல்லிவிட வாய்ப்புண்டு.

## அப்படியானால் யாருக்கு எது

ஆண்டுக்கு 40 லட்சத்துக்குள், உள்ளூர் விற்பனை மட்டும், கடன் எண்ணம் இல்லை: வீட்டிலேயே எழுதுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை சிஏவைப் பாருங்கள்.

1.5 கோடிக்குள், சில்லறை வியாபாரம், காம்போசிஷன்: நல்ல வரி ஆலோசகர் போதும். வங்கிக் கடன் வேண்டுமென்றால் அதற்கு இரண்டு வருஷம் முன்பே ஒரு சிஏவிடம் மாறுங்கள்.

கேரளாவுக்கு விற்பவர், அது தேனோ ரப்பரோ பாக்கெட் சிப்ஸோ எதுவானாலும்: ரிட்டர்ன் ஆலோசகர் போடட்டும், ஆனால் பதிவும் வரி முறையும் எது என்று தொடக்கத்திலேயே ஒரு சிஏ முடிவு செய்து தரட்டும்.

பில் அதிகம், தொழிலாளர் உண்டு, விற்றுமுதல் கோடியைத் தாண்டுகிறது: கடையில் பகுதிநேரமாகவாவது ஒரு கணக்கர், மேலே ஒரு சிஏ. என்னைக் கேட்டால் வளர்கிற கடைக்கு இந்தக் கூட்டணிதான் சிறந்தது. எழுதுபவர் வேறு, சரிபார்ப்பவர் வேறு என்பதால் தவறு அந்த மாதமே பிடிபடும். எல்லாவற்றையும் சிஏ ஆபீசிலேயே எழுதக் கொடுப்பதைவிடச் செலவும் பல நேரம் குறைவாக வரும்.

கமிஷன் வியாபாரம்: 44ஏடி பற்றிக் கேளுங்கள். சரியாகப் பதில் சொல்பவர் யாரோ அவர்.

## பேசி முடிக்கும் முன்

கட்டணத்தை எழுதி வாங்குங்கள். மாதக் கட்டணத்துக்குள் என்னென்ன அடங்கும், வருஷக் கடைசிக் கணக்கு, வருமான வரி ரிட்டர்ன், இ-வே பில், வங்கிக்கு வேண்டிய ஆவணம், நோட்டீஸ் பதில் இவற்றுக்குத் தனித்தனியாக எவ்வளவு என்று ஒரு தாளில் இருக்கட்டும். மாதம் மலிவாகப் பேசிவிட்டு மார்ச்சில் பெரிய பில் வருவது இதனால் குறையும். அவர் தவறால் லேட் ஃபீ வந்தால் யார் கட்டுவது என்பதும் அதில் இருக்கட்டும், இதைக் கேட்டால் கோபப்படுகிறவரை நான் ஏற்கமாட்டேன்.

அடுத்து, ஜிஎஸ்டி பதிவில் இருக்கிற மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்க வேண்டும். "அண்ணே, ஓடிபிக்கு ஒவ்வொரு தடவையும் உங்கள தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான் எங்க நம்பர் போட்டோம்" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். ஆனால் நாளைக்கு அவரோடு மனஸ்தாபம் வந்தால், அவர் தொழிலை விட்டுவிட்டால், உங்கள் கடைக் கணக்குக்குள் நீங்களே நுழைய முடியாது. அப்படி ஏற்கெனவே ஆகிவிட்டிருந்தால், உங்கள் பகுதி ஜிஎஸ்டி அதிகாரியிடம் அடையாள ஆவணங்களோடு எழுதிக் கொடுத்து எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றிக்கொள்ளலாம். உள்ளே நுழைய முடிகிறது என்றால் பதிவுத் திருத்தத்தில் நீங்களே மாற்றலாம்.

மாதம் ஒருமுறை நீங்களே உள்ளே போய் நோட்டீஸ் பகுதியைப் பாருங்கள். தளத்தில் ஏற்றினாலே உங்களுக்குச் சேர்ப்பித்ததாகச் சட்டம் கொள்கிறது, தபால் வரும் என்று காத்திருக்கக் கூடாது. "அதெல்லாம் அவரு பாத்துக்கிடுவாரு" என்று இருந்து, பதில் போகாமலே உத்தரவு வந்து, வங்கிக் கணக்கை முடக்கின பிறகுதான் விஷயமே தெரிந்தது என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். உத்தரவு வந்தால் மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம்தான், அதற்கும் சர்ச்சையிலுள்ள வரியில் 10 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். அந்தக் கெடுவும், தக்க காரணம் காட்டினால் கிடைக்கக்கூடிய இன்னொரு மாதமும் தாண்டினால் உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வக்கீல் வைத்துப் போக வேண்டிவரும், அந்தச் செலவில் சில வருஷக் கணக்கர் கட்டணம் அடங்கிவிடும்.

புது ஆளைச் சோதிக்க இரண்டு கேள்வி போதும். "என் சரக்குக்கு 2025 செப்டம்பருக்கு அப்புறம் வரி எவ்வளவு, எந்த எச்எஸ்என் எண்ணில் வருகிறது?" என்பது ஒன்று (எச்எஸ்என் என்பது ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள குறியீட்டு எண்). "2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிக்குப் புதுச் சட்டம் வந்ததில் எனக்கு என்ன மாறுகிறது?" என்பது இன்னொன்று. உடனே பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, "பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லி மறுநாள் சொல்கிறாரா என்று பாருங்கள்.

## மாற்றுவதென்றால்

ஏப்ரல், மே மாதங்கள் நல்ல நேரம். பழைய வருஷம் முடிந்திருக்கும், புது வருஷம் புது ஆளிடம் தொடங்கும். செப்டம்பரில் மாற்றாதீர்கள், இரண்டு பக்கமும் யாருக்கும் நேரம் இருக்காது. பழையவரிடமிருந்து டேலி பேக்கப், எல்லா ரிட்டர்ன்களின் நகல், கடைசி மூன்று ஆண்டு பேலன்ஸ் ஷீட், வந்த நோட்டீசும் அனுப்பிய பதிலும், ஜிஎஸ்டி, வருமான வரி, இ-வே பில், பிஎஃப், இஎஸ்ஐ தளங்களின் பயனர் பெயர், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் கேட்டு வாங்கி அன்றைக்கே பாஸ்வேர்டுகளை மாற்றிவிடுங்கள். பாக்கிக் கட்டணம் இருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிட்டுக் கேளுங்கள், பெரும்பாலும் இழுபறி அங்கேதான் நிற்கிறது. தணிக்கை செய்தவர் சிஏ என்றால், புதிய சிஏ பொறுப்பேற்கும் முன் பழையவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது அவர்கள் தொழில் விதி. அதனால் மாறப்போவதை நீங்களே முதலில் பழையவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். கடிதம் பார்த்து அவர் தெரிந்துகொள்ளும்படி விட வேண்டாம்.